சாயம் இடுவதற்கு முன் ஒளியைச் சாய்த்துப் பாருங்கள்

கெடா மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திகாம் பத்து, கெடா



நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படும் உயிருள்ள பொருள்கள் பல கண்ணுக்குப் புலப்படாமல் போவதற்கு அவற்றின் சிறுமையே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் வில்லைகள் சிறுமையை வென்ற பின்னரும் அவை மறைந்தே நிற்பதற்குக் காரணம் அவற்றின் தெளிவு. கன்னத்தின் உட்புறத்திலிருந்து வழித்தெடுத்த உயிரணு, குட்டை நீரில் நீந்தும் ஓரணு உயிர், எலியின் சிறுநீரோடு வெளிவரும் நோய்க்கிருமி ஆகிய யாவும் ஏறக்குறைய நீரைப் போலவே நிறமற்றவை என்பதால், ஒளி அவற்றின் ஊடே தடையின்றிக் கடந்துவிடுகிறது. இந்தத் தெளிவை வெல்வதற்குப் பொருளின்மேல் சாயம் இடுவது ஒரு வழி. பொருளைத் தொடாமல், அதன்மேல் விழும் ஒளியின் திசையையும் போக்கையும் மாற்றுவது மற்றொரு வழி. பள்ளிகளில் முதல் வழியே பெரிதும் பழக்கத்தில் உள்ளது. இரண்டாம் வழியையும் வகுப்பறைக்குள் கொண்டுவருமாறும், சாயப் புட்டியைத் திறப்பதற்கு முன்னர் ஒருமுறையேனும் உயிருள்ளதை உயிருள்ளபடியே மாணவர்களுக்குக் காட்டுமாறும் வேண்டுவதே இம்மடலின் நோக்கம்.

இவ்வேண்டுகோள் கெடா மாநில ஆசிரியர்களிடம் வைக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. மூடா ஆற்றின் வடகரையை ஒட்டிய திகாம் பத்து தொடங்கிச் சுங்கை பட்டாணி, பீடோங், சுங்கை லாலாங் வரையிலும் அதற்கு அப்பாலும் பரவிய தோட்டப்புறங்களும் சிற்றூர்களும், நிறமற்ற நுண்பொருள்களைக் கற்பதற்கு வேண்டிய அனைத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுள்ளன. பால்மரத்திலிருந்து வடியும் பால், செம்பனை வரிசைகளுக்கு இடையில் ஓடும் வாய்க்கால், நெல் வயலில் தேங்கிய நீர், மழைக்காலத்தில் நிரம்பி வழியும் சாக்கடை ஆகிய ஒவ்வொன்றும் ஓர் ஆய்வுப்பொருள். இவற்றுள் சில அறிவை வளர்ப்பவை. சில உயிரைக் காப்பதற்கு அறிந்திருக்க வேண்டியவை.

தெளிவான பொருள் ஏன் மறைகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுதல் நலம். ஒளி வெற்றிடத்தில் செல்லும் வேகத்திற்கும் ஒரு பொருளுக்குள் செல்லும் வேகத்திற்கும் உள்ள விகிதம் ஒளிவிலகல் எண் எனப்படும். நீருக்கு அந்த எண் 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு 1.52, உயிரணுவின் உட்பொருளுக்கு ஏறத்தாழ 1.37. நீருக்கும் உயிரணுவுக்கும் இடையே இருப்பது 0.04 அளவிலான வேறுபாடே என்பதால், உயிரணுவின் விளிம்பில் ஒளி மிகச் சிறிதே வளைகிறது. உறிஞ்சப்படுவதோ இல்லை எனலாம். நன்றாக வேகவைத்த ஜவ்வரிசி தெளிந்த நீரில் இருப்பது தெரியாமல் கிடப்பதும் இதே காரணத்தால்தான்; கை விட்டுத் துழாவினால் தட்டுப்படும் மணிகள் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை.

எனினும் உயிரணுவைக் கடந்த ஒளி எந்த மாற்றமும் அடையாமல் வருகிறது என்று கொள்ளுதல் தவறு. வயல் வரப்பின் மீது ஒருவரும் வரப்பை ஒட்டிய சேற்றில் மற்றொருவரும் ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்கினால், சேற்றில் நடந்தவர் சற்றே பிந்தி வந்து சேர்வார். ஆனால் வந்து சேர்ந்தபின் இருவரும் ஒரே உடல்வலுவோடுதான் நிற்பர். அவ்வாறே உயிரணுவின் ஊடே சென்ற ஒளியலை, பக்கத்தில் நீரின் ஊடே சென்ற அலையைவிடச் சற்றுப் பிந்துகிறது. மூன்றரை மைக்ரான் தடிப்புள்ள ஓர் உயிரணுவில் அந்தப் பிந்துகை 0.14 மைக்ரான் அளவாகும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான் ஆதலால், பிந்துகை அலைநீளத்தின் ஏறத்தாழக் கால் பங்கு. அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் உள்ளது என்பதைக் கட்டம் என்பர். மனிதக் கண் ஒளியின் செறிவையும் நிறத்தையும் உணரவல்லது, கட்டத்தை உணரவல்லதன்று. உறுமி மேளத்தின் உரப்பை மட்டும் கேட்டு, அடி கால் தாளம் பிந்தியதை உணராத செவி எப்படியோ, கட்டத்தைப் பொறுத்தவரையில் கண் அப்படி. ஆகவே உயிரணுவைப் பற்றிய செய்தி ஒளியில் இருக்கவே செய்கிறது. கண் படிக்கக்கூடிய எழுத்தில் அது எழுதப்படவில்லை. சாயமிடாத பொருளைக் காட்டும் முறைகள் யாவும் அந்தச் செய்தியைக் கண்ணுக்குரிய எழுத்தாக மாற்றி எழுதும் முயற்சிகளே.

சாயத்தின் பெருமையைக் குறைத்துக் கூறுவது இம்மடலின் கருத்தன்று. 1884-இல் கிராம் வகுத்த சாயமுறை இன்றும் மருத்துவமனை ஆய்வகங்களின் முதற்படியாக விளங்குகிறது. மலேரியாக் கிருமியை அடையாளம் காண்பதற்கும் சாயமிட்ட குருதிப்பூச்சே இன்றளவும் உறுதியான சான்று. ஆயினும் சாயமிடுவதற்குப் பெரும்பாலும் பொருளை உலர்த்தி, சூட்டாலோ வேதிப்பொருளாலோ தகட்டில் நிலைப்படுத்த வேண்டியுள்ளது; நிலைப்படுத்துதல் என்பது கொல்லுதல். அசைவு, நீந்தும் பாங்கு, உயிரணுவுக்குள் நிகழும் ஓட்டம் ஆகியவை அத்துடன் முடிந்துபோகின்றன. மலேரியாக் கிருமி முதன்முதலில் அறியப்பட்ட வரலாறே இதற்குத் தக்க சான்று. அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பணியாற்றிய பிரெஞ்சுப் படைமருத்துவர் லாவரான், 1880 நவம்பரில், நோயாளியின் புதிய குருதியைச் சாயமிடாமலே நோக்கியபோது, ஓர் உருண்டையிலிருந்து மெல்லிய சாட்டைகள் வெளிப்பட்டுத் துடிப்பதைக் கண்டார். கண்டது உயிருள்ள ஒன்று என்று அவர் தெளிந்தது அந்தத் துடிப்பால்தான். குருதி உலர்ந்திருந்தால் துடிப்பு இருந்திருக்காது.

நிறமற்ற பொருளைக் காண ஆசிரியர்கள் வழக்கமாகக் கையாளும் எளிய உத்தி, மேடைக்குக் கீழேயுள்ள துளைத்திரையைக் குறுக்குவதாகும். அவ்வாறு செய்தால் விளிம்புகள் கருத்துத் தோன்றுவது உண்மையே. ஆயினும் நுண்ணோக்கியில் எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பது எவ்வளவு அகன்ற கோணத்திலிருந்து ஒளி திரட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது என 1873-இல் எர்ன்ஸ்ட் அபே நிறுவினார். துளையைக் குறுக்குந்தோறும் கோணம் சுருங்கி, நுணுக்கம் இழக்கப்படுகிறது. மாறுபாட்டைப் பெறுவதற்கு நுணுக்கத்தை விலையாகக் கொடுக்கும் இந்த உத்தி, வேறு வழி இல்லாதபோது கொள்ளத்தக்கதே அன்றி, முதல் வழியாகக் கொள்ளத்தக்கதன்று.

மேலான வழி, ஒளியை நேராகச் செலுத்தாமல் சாய்த்துச் செலுத்துவது. இதன் எல்லை வடிவமே இருட்புல ஒளியூட்டல். தோட்டத்து லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் இதனைப் பெயர் அறியாமலே அறிந்திருந்தன. தகரக் கூரையில் ஆணி விழுந்த ஓட்டையின் வழியே காலை வெயில் ஒரு கோலாக உள்ளே இறங்கும்போது, அதுவரை கண்ணில் படாத தூசுகள் அந்தக் கோலுக்குள் மின்னி மிதக்கும். தூசு புதிதாக வந்ததன்று. பின்புலம் இருட்டாக இருப்பதாலும், வெயில் நேராகக் கண்ணுக்குள் விழாமல் பக்கவாட்டில் செல்வதாலும், தூசு சிதறடிக்கும் ஒளி மட்டும் கண்ணை அடைவதாலும் அது தெரிகிறது. நுண்ணோக்கியிலும் ஒளிக்குவிப்பியின் நடுப்பகுதியை ஒரு கருவட்டத்தால் மறைத்துவிட்டால், வட்டத்தைச் சுற்றி வரும் ஒளி மட்டும் கூம்பு வடிவில் சாய்ந்து பொருளைத் தாக்கி, பொருளருகு வில்லைக்குள் நுழையாமல் விலகிப் போகும். தகட்டில் பொருள் ஏதும் இல்லையெனில் புலம் முழுவதும் இருள். பொருள் இருந்தால், அது சிதறடிக்கும் ஒளி மட்டும் வில்லைக்குள் புகுந்து, கரிய வானத்தில் விண்மீன் போல அதனை ஒளிரச் செய்கிறது.

விண்மீன் உவமை அழகுக்காகக் கூறப்பட்டதன்று. பகலிலும் விண்மீன்கள் வானில் உள்ளன. வானத்தின் வெளிச்சமே அவற்றை மறைக்கிறது. மேலும், விண்மீனின் உருவளவை வெறுங்கண்ணால் காண இயலாது எனினும், அதன் ஒளிப்புள்ளியைக் காண இயலும். அவ்வாறே, சாதாரண நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய ஏறத்தாழ 0.2 மைக்ரான் எல்லைக்கும் குறைவான தடிப்பு உடைய பொருளும், போதிய ஒளியைச் சிதறடிக்குமானால், இருட்புலத்தில் தன் இருப்பை அறிவித்துவிடுகிறது. 1905-இல் மேகநோயின் கிருமி கண்டறியப்பட்டதற்கு அடுத்த ஆண்டே லேண்ட்ஸ்டெய்னரும் மூகாவும் அதனை உயிருடன் காண இருட்புல முறையைக் கையாண்டனர். அதே முறைதான், கெடா மாநிலத்துக்கு மிக நெருக்கமான ஒரு நோயின் கிருமியையும் கண்முன் நிறுத்துகிறது.

அந்நோய் எலிச்சிறுநீர்க் காய்ச்சல். 1886-இல் அடால்ஃப் வைல் இந்நோயின் கடுமையான வடிவத்தை விவரித்தார். அதன் கிருமியை ஜப்பானில் இனாடாவும் இடோவும் அவர்தம் குழுவினரும் 1915-இல் கண்டறிந்தனர். லெப்டோஸ்பைரா என்னும் பெயர் 1917-இல் நோகுச்சியால் சூட்டப்பட்டது. மலாயாவில் இந்நோய் மனிதரிடையே இருப்பதைக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெட்சர் 1920-களில் ஆவணப்படுத்தினார். எலியும் வேறு விலங்குகளும் சிறுநீர் வழியே வெளியேற்றும் கிருமி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் பல நாள் தங்கியிருந்து, தோலின் சிறு கீறல் வழியாகவும் கண், வாய், மூக்கின் மென்சவ்வு வழியாகவும் உடலுக்குள் புகுகிறது. செம்பனைத் தோட்டத் தொழிலாளர், நெல் வயலில் இறங்குவோர், சாக்கடை துப்புரவு செய்வோர், வெள்ளம் வடிந்தபின் வீடு கழுவுவோர் ஆகியோரே இதற்கு எளிதில் இலக்காவோர். மலேசியாவில் 2010 டிசம்பர் முதல் இது சுகாதாரத் துறைக்குக் கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டிய நோயாக உள்ளது. 2022 ஜூலையில் பாலிங் வட்டாரத்தில் பெருகிய வெள்ளம் சேற்றையும் மரக்கட்டைகளையும் வீடுகளுக்குள் கொண்டுவந்து குவித்ததை நேரில் கண்ட மாநிலத்தில், இந்நோயைப் பற்றிய அறிவு பாடநூலோடு நின்றுவிடத் தக்கதன்று.

லெப்டோஸ்பைரா ஏறத்தாழ 0.1 மைக்ரான் தடிப்பும் 6 முதல் 20 மைக்ரான் வரை நீளமும் கொண்ட, நெருக்கமாக முறுக்கிய சுருள். அதன் முனைகள் கொக்கி போல வளைந்திருக்கும். சாதாரண வெளிச்சப் புலத்தில் அது தெரிவதில்லை. கிராம் சாயத்தையும் அது நன்கு ஏற்பதில்லை. இருட்புலத்திலோ, வெள்ளி நூல் துண்டு ஒன்று தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு துளைபோடுவது போல முன்னும் பின்னும் செல்வது தெளிவாகத் தெரியும். இந்த அசைவே நோயறிதலுக்கும் பயன்படுகிறது. நோயாளியின் குருதி நீரைப் படிப்படியாக நீர்த்து, ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட உயிருள்ள லெப்டோஸ்பைராக்களோடு கலந்து, இருட்புல நுண்ணோக்கியில் நோக்குவர். குருதி நீரில் எதிர்ப்பொருள் இருக்குமானால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். தனித்து நீந்துவன பாதியாகக் குறையும் கடைசி நீர்த்த அளவே விடையாகக் கொள்ளப்படும். நுண்ணோக்கித் திரள்வுச் சோதனை எனப்படும் இது, புதிய மூலக்கூற்று முறைகள் பல வந்த பின்னரும் மற்றச் சோதனைகளை ஒப்பிட்டு மதிப்பிடும் அளவுகோலாக நிற்கிறது. ஒருவரின் காய்ச்சலுக்குக் காரணம் எது என்று சாயமிடாத, சாகாத ஒரு சுருளின் அசைவைப் பார்த்துத் தீர்மானிக்கும் இடம் இது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நோயாளியின் குருதியையோ சிறுநீரையோ நேரடியாக இருட்புலத்தில் வைத்துக் கிருமியைத் தேடுவது நம்பத்தக்க முறையன்று. குருதியில் மிதக்கும் நார்த் துணுக்குகளும் சிவப்பணுக்களின் சிதைவுகளும் அதிர்ந்து ஆடிக் கிருமி போலத் தோற்றம் தரும் என்பதோடு, மில்லிலிட்டருக்குப் பத்தாயிரம் அளவில் கிருமிகள் இருந்தால்தான் ஒரு புலத்தில் ஒன்றேனும் தென்படும். எனவே நோயறிதல் ஆய்வகத்துக்கு உரியது. பள்ளிக்கு உரியது கொள்கையை விளக்குவது. சாக்கடை நீரையும் வெள்ள நீரையும் மாணவர்கள் கையால் தொட்டு எடுத்துவரச் செய்தல் எக்காரணம் கொண்டும் கூடாது. கொதிக்கவைத்து ஆறிய நீரில் காய்ந்த வைக்கோலை இட்டு, மூடிய குப்பியில் சில நாள் வைத்திருந்தால், வைக்கோலில் உறங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் விழித்துப் பெருகும். அந்த ஊறல் நீரின் ஒரு துளி வகுப்புக்குப் போதுமானது. அதைக் கையாளும் முன்னும் பின்னும் கைகழுவும் பழக்கத்தையும் அதே பாடத்தில் கற்பித்துவிடலாம்.

இருட்புல ஒளியூட்டலைப் பள்ளியில் அமைப்பதற்குச் செலவு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஒளிக்குவிப்பியும் அதன் கீழ் வடிகட்டி வைக்கும் வளையமும் உள்ள நுண்ணோக்கியாயின், தெளிவான நெகிழித் தாளின் நடுவில் 5 காசு நாணயத்தின் அளவில் கரிய அட்டை வட்டம் ஒன்றை ஒட்டி அந்த வளையத்தில் வைத்து, 10 மடங்கு வில்லையில் நோக்கலாம். புலம் முழுதும் இருளாகவில்லையெனில் வட்டத்தைச் சற்றுப் பெரிதாக்கவும், ஒளியே வரவில்லையெனில் சிறிதாக்கவும் வேண்டும். துளைத்திரை முழுவதும் திறந்திருத்தல் இன்றியமையாதது. குவிப்பி இல்லாமல் ஆடி மட்டும் உள்ள பழைய கருவியாயின், ஆடியைத் திருப்பிவிட்டு, கைவிளக்கின் ஒளியை மேடையின் பக்கவாட்டிலிருந்து சாய்வாகச் செலுத்தினால் ஓரளவு அதே விளைவு கிட்டும். தகட்டில் கைரேகையோ தூசியோ இருந்தால் அதுவும் ஒளிர்ந்து தெரியும் என்பதால், தூய்மையின் தேவையை மாணவர்கள் சொல்லாமலே உணர்வர். கருவட்டத்துக்கு மாற்றாக நடுவில் நீல வட்டமும் சுற்றிலும் மஞ்சள் வளையமுமாக வண்ணத்தாளை வெட்டி வைத்தால், நீலப் புலத்தில் மஞ்சளாய் உயிர்கள் நீந்தும். ஜூலியஸ் ரைன்பெர்க் 1896-இல் வகுத்த இம்முறையில் நிறம் ஊட்டப்படுவது ஒளிக்கே அன்றி உயிருக்கன்று.

இனி, தோட்டப்புறத்துக்கே உரிய ஆய்வுப்பொருளான பால்மரத்துப் பாலைக் கருதலாம். பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். ரப்பரின் ஒளிவிலகல் எண் 1.52, அதைச் சூழ்ந்த நீர்மத்தின் எண் அதைவிட மிகக் குறைவு. தனித்த ரப்பர்த் துகள் நிறமற்றதாக இருந்தும், கோடிக்கணக்கான துகள்கள் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் பால் வெள்ளையாகத் தோன்றுகிறது. ஆகவே பால் வடியும் கிண்ணமான மங்கில் சேரும் வெண்மை என்பது நிறமன்று. கணக்கற்ற தெளிவுகளின் சிதறல். ஒரு துளிப் பாலைத் தெளிந்த நீரில் பல நூறு மடங்கு நீர்த்து, உறையாதிருக்க ஒரு சொட்டு அம்மோனியாக் கரைசலை ஆசிரியரே சேர்த்து, இருட்புலத்தில் 40 மடங்கு வில்லை கொண்டு நோக்கினால், ஒளிப்புள்ளிகள் எண்ணற்றவை நின்ற இடத்திலேயே நடுங்கியும், திசை தெரியாமல் சிறிது நகர்ந்தும், மீண்டும் நடுங்கியும் ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பதைக் காணலாம். பெரிய துகள்கள் தயங்கித் தயங்கி அசையும், சிறியவை துள்ளும். தகட்டை ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவைத்துத் திரும்ப வந்து பார்த்தாலும், நீர் உலராதவரை ஆட்டம் நிற்பதில்லை.

1827-இல் ராபர்ட் பிரவுன் மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்களில் கண்டு ஆராய்ந்த இவ்வசைவு உயிரின் அடையாளமன்று. நீரின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடையறாது மோதுவதன் விளைவு. அதன் கணக்கை 1905-இல் ஐன்ஸ்டைன் வகுத்தளித்தார். அக்கணக்கைச் சோதிக்கும் பணியில் பாரிசில் விக்டர் ஆன்றி 1908-இல் ரப்பர்ப் பாலின் துகள்களையே தேர்ந்து, அவற்றின் நடுக்கத்தைத் திரைப்படச் சுருளில் பதிவு செய்தார். ஜான் பெரேன் மரப்பிசின் துகள்களைக் கொண்டு அளந்து அணுக்களின் இருப்பை ஐயமற நிறுவி, 1926-இல் நோபல் பரிசு பெற்றார். மூலக்கூறு என்ற ஒன்று உண்டா என உலகம் வாதிட்ட காலத்தில் அதற்குச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவற்றுள் ரப்பர்ப் பாலும் ஒன்று என்பதைத் தோட்டப்புறப் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

இருட்புலம் விளிம்புகளையும் துகள்களையும் காட்டவல்லது. உயிரணுவின் உள்ளமைப்பைப் படிப்படியான வெளிச்ச வேறுபாடாகக் காட்டுவதில் அது குறையுடையது. அக்குறையைப் போக்கியது கட்ட மாறுபாட்டு முறை. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஃபிரிட்ஸ் செர்னிகே, உயிரியலோடு தொடர்பில்லாத விளிம்பு விளைவுக் கீற்றணிகளை ஆராய்ந்தபோது, 1930-ஐ ஒட்டி, இதன் கொள்கையைக் கண்டார். பொருளைக் கடக்கும் ஒளியில் வளையாமல் நேரே வரும் பகுதி ஒன்று. பொருளால் வளைக்கப்பட்டுக் கால் அலை பிந்தி வரும் பகுதி மற்றொன்று. ஒளிக்குவிப்பியின் கீழ் ஒரு வளையத் துளையை வைத்தால், நேர்ஒளி முழுவதும் பொருளருகு வில்லையின் பின்தளத்தில் ஒரு வளையமாகவே வந்து விழும். வளைந்த ஒளியோ எங்கும் பரவி விழும். நேர்ஒளி விழும் அந்த வளையத்தில் மட்டும், அதனைக் கால் அலை முந்தச் செய்து செறிவையும் குறைக்கும் தகடு ஒன்றைப் பொருத்தினார் செர்னிகே. முன்னரே கால் அலை பிந்தியிருந்த ஒளிக்கும், இப்போது கால் அலை முந்திய ஒளிக்கும் இடையே அரை அலை வேறுபாடு ஏற்படுவதால், ஒன்றன் ஏற்றம் மற்றதன் இறக்கத்தோடு சேர்ந்து இரண்டும் ஒன்றையொன்று தணித்துக்கொள்கின்றன. உயிரணு சாம்பல் நிறப் புலத்தில் கருமையாகத் தோன்றுகிறது. கண் படிக்க இயலாத கட்டம், கண் படிக்கக்கூடிய செறிவாக மாறிவிட்டது.

செர்னிகே 1932-இல் இக்கண்டுபிடிப்பை ஜெனா நகரின் சைஸ் நிறுவனத்துக்குக் கொண்டுசென்றபோது அங்கே அதற்கு உற்சாகமான வரவேற்பு கிட்டவில்லை என்பதை அவரே பின்னர் தம் நோபல் உரையில் பதிவு செய்தார். ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்தின் கருவியால், கூர்ட் மிஷெல் 1940-களின் தொடக்கத்தில், வெட்டுக்கிளியின் விந்தணுத் தாய் உயிரணு இரண்டாகப் பிளவுறுவதை உயிருடன் படமெடுத்தார்; இறந்த தகடுகளை வரிசைப்படுத்தி ஊகித்தறியும் நிகழ்ச்சி அதில் ஓடும் காட்சியாயிற்று. 1953-இல் செர்னிகேவுக்கு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இம்முறையில் பொருளின் விளிம்பைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் தோன்றுவதும், தடித்த பொருளில் காட்சி குழம்புவதும் குறைகள். 1950-களில் பிரான்சில் பணியாற்றிய போலந்து நாட்டவரான ஜார்ஜ் நொமார்ஸ்கி, ஒளியை ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இரு கதிர்களாகப் பிரித்து, பொருளைக் கடந்தபின் மீண்டும் இணைக்கும் வேறொரு முறையால் இக்குறைகளைப் பெரிதும் களைந்தார். அதில் உயிரணு ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் நிழலும் பட்ட மேடு போலத் தோன்றும். அந்த மேடு உண்மையான உயரமன்று, ஒளி பிந்துவதில் உள்ள ஏற்றத்தாழ்வின் வரைபடமே என்பதை மாணவர்க்கு வலியுறுத்துதல் வேண்டும். அழகிய படம் எதைக் காட்டுகிறது என்று கேட்கும் பழக்கம், படத்தைக் கண்டு வியப்பதைவிட மதிப்புள்ளது.

கட்ட மாறுபாட்டுக் கருவியைப் பள்ளிகள் வாங்க வேண்டும் என்று இம்மடல் கோரவில்லை. சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரத்தில் செமெலிங்கில் அமைந்துள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிலையங்களை அணுகி, ஆண்டுக்கு ஒரு நாளேனும் மாணவர்கள் அத்தகைய கருவியில் தம் கன்னத்து உயிரணுவைத் தாமே காணும் வாய்ப்பைக் கேட்டுப் பெறுதல் இயலாத செயலன்று. அங்கே செல்லும் பிள்ளை, பள்ளியிலேயே கருவட்டத் தாளை வெட்டிப் பழகியிருக்குமானால், அந்தக் கருவி அதற்கு மாயப்பெட்டியாகத் தோன்றாது. தான் அட்டையால் செய்ததன் வளர்ந்த வடிவமாகத் தோன்றும்.

இறுதியாக மொழியைப் பற்றிய ஒரு கருத்து. நுண்ணுயிர்களை முதன்முதலில் கண்டு உலகுக்கு அறிவித்த லேவன்ஹூக், டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்தவர். அக்கால அறிஞர்களின் மொழியான இலத்தீன் அவருக்குத் தெரியாது. 1676-இல் நீரில் கண்ட சிற்றுயிர்களையும், 1683-இல் பல்லிடுக்கு அழுக்கில் கண்டவற்றையும் பற்றி இலண்டன் அரச கழகத்துக்கு அவர் எழுதிய மடல்கள் அனைத்தும் அவருடைய தாய்மொழியான டச்சு மொழியிலேயே எழுதப்பட்டவை. கழகத்தார் அவற்றை மொழிபெயர்த்துப் படித்துக்கொண்டனர். அவர் கண்ட அச்சிற்றுயிர்கள் சாயமிடாதவை, உயிருள்ளவை. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் எந்த மொழியில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற விவாதம், 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோதும், அக்கொள்கை பின்னர் விலக்கப்பட்டபோதும், 2016-இல் இருமொழித் திட்டம் வந்தபோதும் தொடர்ந்து நிகழ்ந்து வந்துள்ளது. அவ்விவாதத்தில் உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்று உண்டு: நடுங்குதல், துள்ளுதல், துளைபோடுதல், தயங்குதல் என்று கண்டதைக் கண்டவுடன் சொல்லும் சொல், பிள்ளைக்குத் தாய்மொழியிலிருந்தே முதலில் வருகிறது. அந்தச் சொற்களைக் குறிப்பேட்டில் எழுதவிட்டு, அவற்றின் மேல் ஒளிவிலகல் எண், கட்டம், இருட்புலம் ஆகிய கலைச்சொற்களை அடுக்கினால், கலைச்சொல் மனப்பாடமாக நில்லாமல் கண்ட காட்சியின் பெயராக நிலைபெறும்.

ஆகவே, வரும் பள்ளியாண்டில் நுண்ணுயிர்ப் பாடம் தொடங்கும் நாளில், சாயமிட்ட ஆயத்தத் தகடுகளை வெளியே எடுப்பதற்கு முன், மூன்று துளிகளைச் சாயமின்றி இருட்புலத்தில் காட்டுமாறு ஆசிரியர்களை இம்மடல் வேண்டுகிறது: கன்னத்து உயிரணு ஒன்று, வைக்கோல் ஊறல் நீர் ஒன்று, நீர்த்த பால்மரத்துப் பால் ஒன்று. முதலாவது அசையாமல் மினுங்கும். இரண்டாவது தன் விருப்பப்படி நீந்தும். மூன்றாவது உயிரின்றியே ஆடும். உயிருள்ள அசைவுக்கும் உயிரற்ற அசைவுக்கும் உள்ள வேறுபாட்டை எப்படி அறிவது என்று மாணவர்களைக் கேட்டுவிட்டு, விடை சொல்ல விரையாமல், அவர்கள் மீண்டும் மீண்டும் குனிந்து பார்க்க நேரம் அளிக்க வேண்டும்.

கெடா மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் இன்று பயிலும் பிள்ளைகளுள் பலருடைய பாட்டனும் பாட்டியும் இருள் பிரியுமுன் பால்மரத் தோட்டத்துக்குச் சென்று, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றித் தோளில் சுமந்து, நிறுவைக்குக் கொண்டுவந்து நின்றவர்கள். அந்தப் பாலின் எடையும் அதிலுள்ள ரப்பரின் அளவும் அவர்களுக்குச் சொல்லப்பட்டன. அதற்குள் ஓயாது ஆடிக்கொண்டிருந்தது என்ன என்பதை அவர்களுக்குக் காட்ட அக்காலத்தில் எவரும் முன்வரவில்லை. அதைக் காட்டுவதற்கு வேண்டியவை ஒரு நுண்ணோக்கியும், நாணய அளவிலான ஒரு கரிய அட்டையும், காட்ட முனையும் ஓர் ஆசிரியரும் மட்டுமே. அம்மூன்றும் நம் பள்ளிகளில் உள்ளன என்ற நம்பிக்கையோடு இம்மடல் தங்கள் முன் வைக்கப்படுகிறது.

இங்ஙனம்,
அறிவியல் தமிழில் அக்கறை கொண்ட திகாம் பத்து வட்டாரத்தார்